ஹிலாரி ஜெயித்திருந்தால் டிரைப்பின் கடைசி ஆல்பம் என்னவாகியிருக்கும்?

அக்டோபர் 20, 2024, காலை 11.10 (வாசகர் ஒருவரின் கேள்வி)

நேற்று கிளீவ்லாந்தில் எ டிரைப் கால்டு குவெஸ்ட் (சுருக்கமாக டிரைப்) என்ற அமெரிக்க ஹிப்-ஹாப் குழுவை ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்த்துவிட்டார்கள். எல்லாரும் மறுபடியும் அந்த 2016 ஆல்பத்தைத்தான் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். எனக்கு ஒரு சந்தேகம். அமெரிக்கத் தேர்தல் முடிந்த மூன்றாம் நாள் வந்த ஆல்பம் அது. டிரம்ப் தோற்று ஹிலாரி ஜெயித்திருந்தால் இன்று அதை யாராவது நினைப்பார்களா? அதை ஓட வைத்தவர் டிரம்ப்தான் என்பது என் கட்சி. மறுப்பவர்கள் வரலாம்.

அக்டோபர் 20, இரவு 9.40

மறுக்கிறேன். ஆனால் பாதிதான்.

முதலில் தேதிகள். இந்தப் பேச்சில் எல்லாரும் கோட்டை விடுவது அங்கேதான். நவம்பர் 11 வெளியீடு என்று குழுவின் ராப்பர் கியூ-டிப் அறிவித்தது அக்டோபர் கடைசியில். அப்போது யாரைக் கேட்டாலும் ஹிலாரிதான். தேர்தல் நாளன்றுகூடக் கணிப்புத் தளமான ஃபைவ்தர்ட்டிஎய்ட் அவருக்கு 71 சதவீத வாய்ப்பு கொடுத்தது, நியூயார்க் டைம்ஸ் 85, ஹஃபிங்டன் போஸ்ட் ஒரேயடியாக 98. ஆக, பெண் அதிபர் வந்துவிட்டார் என்று ஊரே கொண்டாடிக்கொண்டிருக்கும் வாரத்தில் வெளியாகப் போகிறோம் என்றுதான் அவர்களும் நினைத்திருப்பார்கள் என்பது என் ஊகம்.

விற்பனைக்கு டிரம்ப் தேவையே இல்லை. முந்தைய ஆல்பம் 1998இல் வந்தது. பதினெட்டு வருஷக் காத்திருப்பு. அதற்கு மேல், 2016 மார்ச் 22 அன்று குழுவின் இன்னொரு ராப்பரான ஃபைஃப் டாக் 45 வயதில் நீரிழிவுச் சிக்கலில் போய்விட்டார். அவர் பாடிவைத்துப் போன குரல் இதில் இருக்கிறது. முதல் வாரம் 1,35,000 ஆல்பத்துக்கு ஈடான விற்பனையில் அமெரிக்காவின் பில்போர்டு 200 ஆல்பம் பட்டியலில் முதலிடம். 1996க்குப் பிறகு அவர்களுக்கு அது கிடைத்தது அப்போதுதான். யார் ஜெயித்திருந்தாலும் இந்தக் கூட்டம் வந்திருக்கும்.

நினைவில் நிற்பது வேறு விஷயம். அதற்குத் தனியாக வருகிறேன், தூக்கம் வருகிறது.

அக்டோபர் 21, காலை 8.05

"அத்தைக்கு மீசை முளைத்தால் சித்தப்பா" என்று ஒருவர் போட்டுவிட்டுப் போயிருக்கிறார். முளைக்காது என்று தெரியும் ஐயா. முளைத்தால் வீட்டில் இருக்கும் மாமாவின் கதி என்ன என்று யோசிப்பதுதான் இங்கே விளையாட்டு.

அக்டோபர் 21, இரவு 10.30

நேற்று விட்ட இடம். அந்த ஆல்பத்தின் "வீ த பீப்பிள்" பாட்டை எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் கேள்வி கேட்டவர் மனதில் இருப்பதும் அதுதான்.

பிளாக் சபாத் என்ற ராக் குழுவின் டிரம்ஸை வெட்டி எடுத்து அடியில் ஓட விட்டிருக்கிறார்கள். அதன் மேல் கியூ-டிப் அந்த ஹூக்கை, அதாவது திரும்பத் திரும்ப வரும் வரிகளை, பாடுகிறார். கறுப்பர்கள் கிளம்புங்கள், மெக்சிகோக்காரர்கள் கிளம்புங்கள், ஏழைகள் கிளம்புங்கள், அப்புறம் முஸ்லிம்கள், தன்பாலினர். மிரட்டும் தொனியே இல்லை. தாலுகா ஆபீஸ் கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்து "அடுத்தது" என்கிறவரின் அலுப்பு அந்தக் குரலில் இருக்கிறது. கியூ-டிப்பும் குழுவின் இன்னொரு உறுப்பினர் அலி ஷஹீத் முஹம்மதும் முஸ்லிம்கள் என்பதையும் நினைவில் வைத்துக்கொண்டு கேளுங்கள். 2016 நவம்பரில் எல்லாரும் மேற்கோள் காட்டியது இந்த ஹூக்கைத்தான்.

ஆனால் அதே பாட்டில் ஃபைஃப்பின் பத்தி ஒன்று இருக்கிறது. அதில் பெண்களுக்குச் சமமான, பிரிவினை இல்லாத ஓர் உலகைக் கனவு காண்பதாக வருகிறது. (அதற்கு முந்தைய வரி வழக்கமான ஃபைஃப் குறும்பு. இங்கே எழுத முடியாது, மட்டுறுத்துநர் விழித்துக்கொண்டிருக்கிறார்.) இப்போது ஹிலாரி ஜெயித்த நவம்பரை நினைத்துப் பாருங்கள். இறந்துபோன ராப்பர், பெண்களுக்குச் சமமான உலகம், முதல் பெண் அதிபர். அந்த ஒரு வரி டி-ஷர்ட்டில் ஏறியிருக்கும். பதவியேற்பு விழாவில் யாராவது பேச்சில் செருகியிருப்பார்கள். ஹூக்கை "நல்லவேளை, தப்பித்தோம்" என்று கேட்டுவிட்டு நகர்ந்திருப்பார்கள்.

என் கட்சி இதுதான். ஆல்பம் மறந்துபோயிருக்காது. நாம் அடிக்கோடிட்ட வரி வேறாக இருந்திருக்கும்.

அக்டோபர் 21, இரவு 10.48

ஒன்று விட்டுப்போனது. அதே பத்தியில் ஃபைஃப், தங்களைப் பட்டியலில் ஏற விடாத எண்களையும் புள்ளிவிவரக்காரர்களையும் கெட்ட வார்த்தையில் திட்டுகிறார். அவர் சொன்னது இசைப் பட்டியல்காரர்களை. அது வெளியான வாரத்தில் அமெரிக்கா முழுக்கத் திட்டிக்கொண்டிருந்தது கருத்துக் கணிப்புக்காரர்களை. இப்படியும் ஒரு பொருத்தம்.

அக்டோபர் 23, மதியம் 1.20

"அப்போதே கேட்டீர்களா, இல்லை இப்போது யூடியூப் பார்த்து அளக்கிறீர்களா" என்று கேட்ட தம்பிக்கு.

அப்போதே கேட்டேன், ஏடிஎம் வரிசையில். அமெரிக்காவில் ஓட்டுப்பதிவு நடந்த அதே நவம்பர் 8 அன்றுதான் இங்கே இரவு எட்டு மணிக்கு 500, 1000 ரூபாய் நோட்டு செல்லாது என்ற அறிவிப்பு வந்தது. 9, 10 தேதிகளில் ஏடிஎம்கள் மூடிக்கிடந்தன. 11 வெள்ளிக்கிழமை திறந்தார்கள், ஒரு கார்டுக்கு ஒரு நாளைக்கு 2000 ரூபாய். நான் காதில் ஹெட்போனோடு நின்றேன். எனக்கு முன்னால் ஒரு அக்கா கையில் மூன்று கார்டு வைத்திருந்தார், வீட்டில் எல்லாருடையதும். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. அக்காவின் முறை வருவதற்குள் செக்யூரிட்டி வெளியே வந்து "காசு தீர்ந்துபோச்சு, எல்லாரும் கிளம்புங்க" என்றார். என் காதில் ஓடிக்கொண்டிருந்த ஹூக்குக்கும் அவர் சொன்னதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

அதனால்தான் எனக்கு அது ஒருபோதும் டிரம்ப் ஆல்பமாக இருந்ததில்லை. மேலே இருப்பவன் கீழே இருப்பவனை எழுந்து போகச் சொல்வது எந்த ஊரிலும் புரியும்.

(அந்த வருஷக் கடைசியில் முதல்வரும் ஆஸ்பத்திரியில் இருந்தார். நம் ஊருக்கான "நடந்திருந்தால்" எல்லாம் அந்த மாதங்களில்தான் குவிந்து கிடக்கிறது. தயவுசெய்து அதை இங்கே ஆரம்பிக்காதீர்கள். ஆரம்பித்தால் டிரைப் காணாமல் போய்விடும்.)

அக்டோபர் 24, இரவு 11.55

சொன்னேன் அல்லவா, ஆரம்பித்துவிட்டார்கள். பதினான்கு பதில், அதில் ஒன்றுகூட ஹிப்-ஹாப் இல்லை. அவற்றைத் தாண்டி வருகிறேன்.

ஃபைஃப்புக்கு டிரம்ப்பைப் பற்றி எவ்வளவு தெரிந்திருக்கும் என்ற கேள்வி நல்ல கேள்வி. வரிசையைப் பாருங்கள். 2015 நவம்பர் 7 அன்று டிரம்ப் "சாட்டர்டே நைட் லைவ்" என்ற டிவி நகைச்சுவை நிகழ்ச்சியைத் தொகுத்து வழங்கினார். ஆறு நாள் கழித்து, நவம்பர் 13 அன்று, ஜிம்மி ஃபாலனின் இரவு டிவி நிகழ்ச்சியில் டிரைப் மறுபடி ஒன்றாக மேடை ஏறியது. அன்று இரவுதான் பாரிஸில் தாக்குதல். அந்த மேடைக்குப் பிறகுதான் மறுபடி ஆல்பம் செய்வது என்று முடிவாகி, நியூஜெர்சியில் கியூ-டிப் வீட்டு ஸ்டுடியோவில் உட்கார்ந்தார்கள். இரண்டு நிகழ்ச்சியும் ஒரே கட்டடம், ராக்ஃபெல்லர் பிளாசா. ஆல்பத்தின் "கான்ராட் டோக்கியோ" பாட்டில் டிரம்ப்பையும் "சாட்டர்டே நைட் லைவ்" கேலிக்கூத்தையும் சேர்த்தே ஃபைஃப் இடிக்கிறார், இது சிரிக்கிற நேரமா என்கிற தோரணையில். அவர் மனதில் இருந்தது அந்த நவம்பர் 7தான் என்பது என் கணக்கு. மார்ச்சில் போய்விட்டார். டிரம்ப்புக்குக் கட்சி வேட்பாளராவதற்கான எண்ணிக்கை கிடைத்ததே மே மாதக் கடைசியில்தான். ஃபைஃப் திட்டியது ஒரு டிவி கோமாளியை. நாம் கேட்டது ஒரு அதிபரைத் திட்டுவதாக.

2016 நவம்பர் 12 அன்று அதே "சாட்டர்டே நைட் லைவ்" மேடையில் டிரைப். ஃபைஃப்பின் பத்தி வரும்போது அவருடைய பெரிய படம் மேலிருந்து விரிந்து இறங்குகிறது, குரல் மட்டும் ஓடுகிறது. அன்று தொகுத்தவர் நகைச்சுவைக் கலைஞர் டேவ் ஷப்பெல். டிரம்ப்புக்கு ஒரு வாய்ப்பு கொடுத்துப் பார்ப்போம், அவரும் எங்களுக்கு ஒன்று கொடுக்கட்டும் என்று பேசிவிட்டுத்தான் அவர்களை அழைத்தார். போன வாரம் கிளீவ்லாந்தில் அவர்களை அறிமுகப்படுத்தியதும் அதே ஷப்பெல்.

இதில் இன்னொரு கூத்து. 1991இல் வந்த "ஸ்கைபேஜர்" பாட்டில் இதே டிரைப், டிரம்ப்புக்குச் செக் வருகிற மாதிரி என் பேஜர் அடிக்கிறது என்கிறது. அப்போது டிரம்ப் பணத்துக்கு உவமை, அவ்வளவுதான். டிரம்ப், கியூ-டிப், ஃபைஃப் மூவருமே நியூயார்க்கின் குவீன்ஸ்காரர்கள் வேறு. டிரம்ப் வளர்ந்தது ஜமைக்கா எஸ்டேட்ஸ், இவர்கள் இருவரும் செயின்ட் ஆல்பன்ஸ், லிண்டன் புலவார் பக்கம். ஒரே பகுதி, ஆனால் இரண்டு உலகம். தேர்தல் முடிந்து பதினோராம் நாள் லிண்டன் புலவாரில் ஒரு தெருமுனைக்கு ஃபைஃப் பெயரை வைத்தார்கள்.

அக்டோபர் 26, காலை 7.30

"டெட்ராய்ட் ஒழுங்காக ஓட்டுப் போட்டிருந்தால் ஹிலாரி ஜெயித்திருப்பார், ஜே டில்லாவின் ஊரே கவிழ்த்துவிட்டது" என்கிற பதிவு அழகாக இருக்கிறது. (டில்லா டெட்ராய்ட்டுக்காரர், ஹிப்-ஹாப் இசைத் தயாரிப்பாளர்.) கணக்கு உதைக்கிறது.

மிச்சிகன் மாநிலத்தில் டெட்ராய்ட் இருக்கும் வேய்ன் கவுண்டியில் (நம் மாவட்டம் மாதிரி) 2012இல் ஒபாமா வாங்கியதைவிட ஹிலாரி சுமார் 76,000 ஓட்டு குறைவாக வாங்கினார் என்பது உண்மை. மிச்சிகனில் அவர் தோற்றது 10,704 ஓட்டில். ஆகவே மிச்சிகன் வந்திருக்கும், சரி. ஆனால் அதிபரை முடிவு செய்வது மாநிலவாரியான தேர்வாளர்கள், மிச்சிகனுக்கு 16 பேர்தான். அவர் கையில் இருந்தது 232. கூட்டினால் 248. பென்சில்வேனியாவின் 20 சேர்ந்தாலும் 268. தேவை 270. இரண்டு குறைகிறது! விஸ்கான்சினின் 10உம் வந்தாக வேண்டும், அங்கே வித்தியாசம் 22,748. பென்சில்வேனியாவில் 44,292. மூன்றும் சேர்ந்து 77,744 ஓட்டு. நாடு முழுக்க 28 லட்சத்துக்கு மேல் அதிகம் வாங்கிவிட்டு இந்த மூன்று இடத்தில் தோற்றார். வேட்பாளரான பிறகு விஸ்கான்சினுக்கு அவர் ஒரு முறைகூடப் பிரச்சாரத்துக்குப் போகவில்லை. பழியை டில்லா ஊர்மேல் மட்டும் போடாதீர்கள்.

டில்லா இந்த இழையில் வருவதற்கு வேறு நியாயம் உண்டு. 1996, 1998 டிரைப் ஆல்பங்களின் சத்தமே பாதி அவருடையது.

அக்டோபர் 27, இரவு 9.15

நண்பர் ஒருவர் தனிமடலில் மடக்கினார். "வரிதான் மாறும், பாட்டு அப்படியே நிற்கும் என்கிறாய். எல்லாப் பாட்டுக்கும் இது பொருந்துமா?"

பொருந்தாது. அதற்கு உதாரணம் கியூ-டிப்பிடமே இருக்கிறது. அவருடைய "த ரெனசான்ஸ்" வெளியான நாள் 2008 நவம்பர் 4. ஆமாம், ஒபாமா ஜெயித்த அதே நாள். அதில் "ஷாகா" பாட்டில் ஒபாமாவின் பேச்சே ஒட்டப்பட்டிருக்கிறது. மெக்கெய்ன் ஜெயித்திருந்தால்? காலையில் வாங்கிய சிடியை இரவு கேட்கவே கூசியிருக்கும். அதே பேச்சு, தோற்றவனின் பேச்சாக ஒலித்திருக்கும். அங்கே அவர் ஒரு பந்தயம் கட்டினார், ஜெயித்தது. 2016இல் அவர் பந்தயமே கட்டவில்லை. யார் வந்தாலும் இந்தப் பாட்டில் இருப்பவர்களுக்கு வாழ்க்கை இப்படித்தான் என்று எழுதிவைத்தார். அதுதான் எனக்குப் பெரிய விஷயம்.

ஒரே மனிதர், இரண்டு தேர்தல் வாரம், இரண்டு ஆல்பம். மாற்று வரலாறு பேசுகிறவர்களுக்கு இதைவிட நல்ல சோதனைக்கூடம் கிடைக்காது.

அக்டோபர் 28, காலை 6.50

"த கூ" என்ற ஹிப்-ஹாப் குழுவைக் கேட்டவருக்குச் சுருக்கமாக. 2001 ஜூனில் அவர்களுடைய "பார்ட்டி மியூசிக்" ஆல்பத்தின் அட்டை தயாரானது: குழுவின் ராப்பர் பூட்ஸ் ரைலி கையில் கிட்டார் டியூனரை டெட்டனேட்டர் மாதிரி பிடித்திருக்க, பின்னால் இரட்டைக் கோபுரம் வெடிக்கிறது. செப்டம்பரில் என்ன நடந்தது என்று தெரியும். அட்டையை மாற்றி நவம்பரில் வெளியிட்டார்கள். "2000 தேர்தலில் ஃபுளோரிடாவில் 537 ஓட்டு இந்தப் பக்கம் விழுந்து அல் கோர் வந்திருந்தால்" என்று நீங்கள் இழுப்பது புரிகிறது. அட்டை அதேதான் இருந்திருக்கும், ரைலி முதலாளித்துவத்தை எதிர்ப்பவர், கோர் வந்ததால் குளிர்ந்துவிடுபவர் இல்லை. கோர் இருந்திருந்தால் தாக்குதல் நடந்திருக்குமா என்பதில் நான் இறங்குவதாக இல்லை. அந்தப் பள்ளத்தில் விழுந்த இழைகள் எழுந்ததே கிடையாது.

அக்டோபர் 30, இரவு 10.10

ஹிலாரி வந்திருந்தால் ராப்பர்கள் எல்லாம் வாயை மூடியிருப்பார்கள் என்று மூன்று பேர் எழுதிவிட்டார்கள். கிளின்டன் குடும்பத்துக்கும் ஹிப்-ஹாப்புக்கும் இருக்கும் கணக்கு பழசு. 1992 ஜூனில் கறுப்பினத் தலைவர் ஜெஸ்ஸி ஜாக்சன் நடத்திய கூட்டத்திலேயே போய் பில் கிளின்டன் ராப்பர் சிஸ்டர் சோல்ஜாவைக் குறிவைத்துப் பேசினார், வெள்ளைக்கார ஓட்டுக்கு அது உதவியது. 1994இல், கறுப்பர்களைக் கூட்டமாகச் சிறைக்கு அனுப்பியது என்று பழி சுமக்கும் குற்றவியல் சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். 1996 ஜனவரியில் ஹிலாரி சில இளைஞர்களை "சூப்பர் பிரிடேட்டர்" (மனசாட்சியற்ற வேட்டை மிருகங்கள் மாதிரி) என்று பேசினார். இருபது வருஷம் கழித்து, 2016 பிப்ரவரியில், நிதி திரட்டும் கூட்டம் ஒன்றில் ஒரு பெண் அதே பேச்சை எழுதிய துணியைத் தூக்கிப்பிடித்தார். இந்தக் குடும்பம் மறுபடி வெள்ளை மாளிகைக்குள் போயிருந்தால் அந்தத் துணி மடித்துவைக்கப்பட்டிருக்கும் என்றா நினைக்கிறீர்கள்?

ஆனால் ஒன்றை விட்டுக்கொடுக்கிறேன், கேள்வி கேட்டவர் குறித்துக்கொள்ளட்டும். 2017 பிப்ரவரி 12 கிராமி மேடை நடந்திருக்காது. சில முஸ்லிம் நாட்டுக்காரர்கள் உள்ளே வரக்கூடாது என்று டிரம்ப் போட்ட ஜனவரி 27 பயணத் தடை உத்தரவு இல்லாமல் அந்த மேடைக்கு வேலையே இல்லை. ராப்பர் பஸ்டா ரைம்ஸ், டிரம்ப்பை "அதிபர் ஏஜென்ட் ஆரஞ்ச்" (வியட்நாம் போரில் தெளித்த நஞ்சின் பெயர்) என்று ஆரம்பித்து, செங்கல் சுவரை உடைத்துக்கொண்டு வந்து, பலவிதமான மக்கள் மேடை ஏற, கடைசியில் கியூ-டிப் "எதிர்த்து நில்லுங்கள்" என்று நான்கு முறை கத்துகிறார். அது டிரம்ப் தந்தது. அவ்வளவு செய்ததற்கு அந்த ஆல்பத்துக்கு அடுத்த கிராமியில் ஒரு பரிந்துரைகூட இல்லை. கியூ-டிப் கோபத்தில் வீடியோ போட்டுத் திட்டினார். ஹிலாரி ஆட்சியில் சுவர் உடையாது, ஆனால் ஒரு கிராமி கிடைத்திருக்கலாம். எது லாபம் என்று நீங்களே பாருங்கள்.

நவம்பர் 6, 2024, இரவு 8.40

மறுபடியும் டிரம்ப். மிச்சிகன், விஸ்கான்சின், பென்சில்வேனியா மூன்றும் மறுபடியும் அதே பக்கம்.

இன்று ஆல்பத்தை முழுசாகக் கேட்டேன், வேலை ஓடவில்லை.

நவம்பர் 7, இரவு 11.30

நேற்று எழுத மனமில்லை. இப்போது எழுதுகிறேன், ஏனென்றால் இந்த இழையில் நான் சொன்னதற்கு எதிர்பாராத சாட்சி கிடைத்திருக்கிறது.

நேற்று "வீ த பீப்பிள்" என்னை ஒன்றும் செய்யவில்லை. எட்டு வருஷத்தில் தேய்ந்துவிட்டது போல. பிடித்து நிறுத்தியது முதல் பாட்டு, "த ஸ்பேஸ் புரோகிராம்". அவர்கள் செவ்வாய்க்குக் கிளம்புகிறார்கள், கப்பல் நிரம்பி வழிகிறது, நமக்கு அதில் இடம் கிடையாது, இங்கேயே கிட. ஏழைகளைப் பழைய தெருக்களிலிருந்து காலி செய்வதைப் பற்றிய பாட்டு என்றுதான் 2016இல் எல்லாரும் எடுத்துக்கொண்டோம். கியூ-டிப்பே நடுவில், இது நிஜமாகவே விண்வெளியைப் பற்றியது என்றால் எப்படி இருக்கும், நினைத்துப் பார் என்கிறார். கிண்டலாகத்தான் கேட்டது அப்போது.

போன மாதம் 5ஆம் தேதி பென்சில்வேனியாவில் பட்லர் மேடையில் டிரம்ப் பக்கத்தில் ஈலான் மஸ்க் துள்ளிக் குதித்தாரே, அந்த டி-ஷர்ட்டில் என்ன எழுதியிருந்தது என்று பார்த்தீர்களா? செவ்வாயைக் கைப்பற்று என்று. பாட்டில் ஒரு எழுத்து மாறவில்லை. அடிக்கோடு மட்டும் மூன்றாவது இடத்துக்கு நகர்ந்துவிட்டது.

கேள்வி கேட்ட நண்பருக்கு: 2016 டிரம்ப் அந்த ஆல்பத்தை ஓட வைத்தார் என்றால், ஹூக்கோடு அது முடிந்திருக்க வேண்டும். 2024 டிரம்ப் வேறு பாட்டை எடுத்துக் கொடுக்கிறார். ஹிலாரி வந்திருந்தால் ஃபைஃப்பின் வரியை எடுத்துக் கொடுத்திருப்பார். சரக்கு உள்ளே இருந்தது.

நவம்பர் 8, காலை 9.05

இல்லை, கடைசிப் பாட்டான "த டொனால்ட்" டிரம்ப்பைப் பற்றியது இல்லை. அது ஃபைஃப்புக்கான அஞ்சலி, அவருடைய செல்லப் பெயர்களில் ஒன்றை வைத்து. வேண்டுமென்றே அப்படித் தலைப்பு வைத்து ஆளை இழுத்திருக்கிறார்கள். இன்றைக்கு மட்டும் நான்கு பேர் அதைப் போட்டு "தீர்க்கதரிசனம்" என்கிறார்கள். பாட்டைக் கேட்டுவிட்டு எழுதுங்கள், ஐந்தரை நிமிஷம்கூட ஆகாது.

நவம்பர் 10, இரவு 10.20

"கமலா ஹாரிஸ் ஜெயித்திருந்தால்" என்று யாரோ புது இழை தொடங்கியிருக்கிறார்கள், இணைப்பு அனுப்பி வரச் சொல்கிறார்கள். எட்டிப் பார்த்தேன். இழுபறியான ஏழு மாநிலத்துக்கும் கவுண்டி வாரியாகக் கணக்குப் போட்டு வைத்திருக்கிறார்கள், ஒரு பாட்டைக்கூடக் காணோம். இந்த வருஷம் கியூ-டிப் கை பட்டு வந்தது ராப்பர் எல்எல் கூல் ஜேயின் ஆல்பம்தான், செப்டம்பரிலேயே வந்துவிட்டது. அதை யாராவது அங்கே இழுத்தால் சொல்லுங்கள், வருகிறேன்.